ரன் என்றால் ஓடு மட்டும்தானா? ஒரே ஆங்கிலச் சொல்லின் பல அர்த்தங்களைப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒரு கோப்பை அனுப்பி, "கேன் யூ ரன் திஸ் பை த டீம்?" என்று எழுதியிருந்தார். கோப்புக்குள் இருந்தது ஒரு சின்ன நிரல். நான் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், பிழை எதுவும் வரவில்லை, "ரன் பண்ணியாச்சு, நன்றாக ஓடுகிறது" என்று பெருமையாகப் பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவர் கேட்டது அதுவே இல்லை. குழுவில் இருப்பவர்களிடம் ஒரு தடவை காட்டி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து "டீம் என்ன சொன்னார்கள்?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாக்கியத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை, அதுதான் கொடுமை.

ஆங்கிலத்தில் நம்மை விழ வைப்பவை பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னச் சொற்கள்தான். நீளமான, கரடுமுரடான சொல் வந்தால் நாமே நின்று அகராதியைத் திறப்போம். ரன், செட், கெட், டேக், புட் மாதிரி ஒன்றாம் வகுப்பிலேயே படித்த சொல் வந்தால் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போவோம். இந்த வழிகாட்டியில் ரன் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகிறேன். வழி பிடிபட்டால் மற்ற சொற்களுக்கும் அதே வழிதான்.

முதலில், பயத்தைப் பார்த்துவிடுவோம்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் அதிக அர்த்தம் கொண்ட சொல்லாக இருந்தது செட் என்ற வினை, 430 அர்த்தங்கள். அடுத்த பதிப்புக்காகத் திருத்தம் செய்யும்போது பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ரன் என்ற வினையோடு ஏறத்தாழ ஒன்பது மாதம் உட்கார்ந்து 645 அர்த்தங்களாகப் பிரித்தார். செட் முதல் இடத்தை இழந்துவிட்டது.

645-ஐ யாரும் மனப்பாடம் செய்வதில்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் செய்வதில்லை. அந்த 645-ல் முக்கால்வாசி ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம், மீதியில் பாதி வழக்கொழிந்தவை அல்லது கப்பல்காரர், அச்சகத்தார் போன்ற குறிப்பிட்ட தொழிலாளர்களுக்கு மட்டும் உரியவை என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. நமக்கு வேண்டியது ஆறேழு கிளைகள், ஒரு பத்துப் பதினைந்து சொற்சேர்க்கைகள், அப்புறம் புதிதாக ஒன்று எதிரே வந்தால் ஊகிக்கிற பழக்கம். அவ்வளவுதான்.

படி 1: இது ஒரு சொல்லா, ஒரே முகம் கொண்ட இரண்டு சொற்களா?

தமிழில் ஓடு என்றால் ஓடுவது. கூரையில் போடுவதும் ஓடு, முட்டைக்கு மேலே இருப்பதும் ஓடு. கூரை ஓட்டுக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அவை வேறு வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்று. ஆங்கிலத்தில் பேட் அப்படி: வௌவாலும் அடிக்கிற மட்டையும் ஒரே எழுத்தில் வரும், வேர் வேறு. இந்த வகைக்குத் தொடர்பு தேடாதீர்கள், தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, ஏதோ பிழைப்பு ஓடுகிறது, பதற்றத்தில் கை ஓடவில்லை என்பவை எல்லாம் அதே ஓடுதான், கிளை பிரிந்து போயிருக்கிறது. ரன் இந்த ரகம். அதனால்தான் இதை உட்கார்ந்து ஆராய்ந்தால் பலன் உண்டு. சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் பாருங்கள்: ஒரே தலைச்சொல்லின் கீழ் 1, 2, 3 என்று எண் போட்டிருந்தால் கிளைகள், தலைச்சொல்லையே இரண்டு முறை தனித்தனியாகக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் வேறு சொற்கள்.

படி 2: நடுவில் இருக்கும் படத்தைப் பிடியுங்கள்

கிளைச்சொல்லுக்கு நடுவே ஒரு படம் இருக்கும். ரன் என்பதற்கு என் மனதில் இருக்கும் படம் இது: ஏதோ ஒன்று ஒரு பாதையில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. கால் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வேகம்கூடக் கட்டாயம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோடிச் சொல் மனிதர் ஓடுவதற்கும் தண்ணீர் ஓடுவதற்கும் சேர்த்தே வழங்கியது. ஆகவே "நிற்காத போக்கு" என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடு என்ற தமிழ்ச்சொல்லை மட்டும் ஒட்டவைத்தால் பாதி தூரம்தான் கூட வரும், அப்புறம் நடுவழியில் இறக்கிவிட்டுவிடும்.

எங்கே இறக்கிவிடும்? ஃபேன், மோட்டார், வண்டி, நேரம், படம், ஆறு, இவை எல்லாவற்றுக்கும் இரண்டு மொழியிலும் ஓட்டம்தான். ஆனால் மூக்கு தமிழில் ஓடாது, ஒழுகும். துணியின் சாயம் ஓடாது, போகும். பள்ளியையோ கடையையோ ஓட்டுவதில்லை, நடத்துகிறோம் ("எப்படியோ கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் வியாபாரம் சுமார் என்று அர்த்தம், அது வேறு தொனி). தேர்தலில் ஓடுவதில்லை, நிற்கிறோம். ஆங்கிலத்தில் மூக்கு, சாயம், பள்ளி, தேர்தல் நான்குக்கும் ரன்தான்.

தேர்தல் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கர் தேர்தலில் "ரன்" செய்வார், பிரிட்டனில் அதையே "ஸ்டாண்ட்" என்பார்கள். ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் நிற்கிறார், இரண்டு பேரும் கேட்பது ஓட்டுத்தான்.

படி 3: பட்டியலைக் கிளைகளாக மடியுங்கள்

அகராதியில் 1 முதல் 40 வரை எண் போட்ட பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும். நான் செய்வது அதை ஐந்தாறு குவியலாகப் பிரிப்பது.

ஒன்று, கால் சம்பந்தப்பட்டது. ஓடுவது, தப்பி ஓடுவது, பந்தயத்தில் ஓடுவது. போலீசுக்குப் பயந்து தலைமறைவாகத் திரிபவர் "ஆன் த ரன்". தேர்தலில் நிற்பதும் பந்தயத்திலிருந்து வந்ததுதான், அதனால் இங்கேயே போட்டுவிடலாம்.

இரண்டு, திரவம். குழாய், ஆறு, கண்ணீர், மூக்கு, வெள்ளைச் சட்டையில் ஏறிக்கொள்கிற சிவப்புச் சாயம். "ரன் எ பாத்" என்றால் குளியல்தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, குளியலறைக்குள் ஓடுவது அல்ல. "த ரன்ஸ்" என்று பேச்சில் சொன்னால் வயிற்றுப்போக்கு. நாமும் அதைப் போக்கு என்றுதானே சொல்கிறோம், படம் ஒன்றுதான்.

மூன்று, இயந்திரம். இதுதான் இன்றைக்கு மிகவும் பெருத்துப்போன கிளை. இயந்திரங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லும் பெருகியது, அப்புறம் கணினி வந்து இன்னொரு மடங்கு ஊதிவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, நிரல் ஓடுகிறது, பரிசோதனை நடக்கிறது. இயந்திரத்தை ஓட்டுகிறவர் இருக்கிறார் அல்லவா, அவரிடமிருந்து நிறுவனத்தை நடத்துகிறவர் பிறக்கிறார். "ஷி ரன்ஸ் எ ஸ்கூல்" என்பதில் பள்ளிதான் இயந்திரம், அது நிற்காமல் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

நான்கு, நீட்சி. இங்கே எதுவுமே நகராது, நம் கண்தான் நகரும். "த ரோட் ரன்ஸ் அலாங் த ரிவர்", சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. தமிழிலும் சாலை போகிறது என்றுதான் சொல்கிறோம், சாலை எங்கே போகிறது, அது படுத்துத்தான் கிடக்கிறது. இடத்தில் நீள்வது போலக் காலத்திலும் நீளும்: ஒப்பந்தம் மூன்று வருடம் "ரன்ஸ்" என்றால் மூன்று வருடத்துக்குச் செல்லும். தலைமுறையிலும் நீளும்: "இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி" என்றால் அந்தக் குணமோ நோயோ பரம்பரையாக வருகிறது.

ஐந்து, வெளியிடுவது. பத்திரிகை ஒரு செய்தியை "ரன்" செய்தது என்றால் அச்சிட்டது, பிரசுரித்தது. விளம்பரத்துக்கும் இதேதான்.

ஆறு, ஆகிப்போவது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. "ரன் லேட்" தாமதமாகிறது, "ரன் லோ" குறைந்துகொண்டு வருகிறது, "ரன் ட்ரை" வற்றிப்போகிறது, "ரன் வைல்ட்" கட்டுக்கு அடங்காமல் போகிறது. ரன்னுக்குப் பின்னால் ஒரு பண்புச்சொல் தனியாக ஒட்டிக்கொண்டு வந்தால், எழுவாய் அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக வரும். தமிழிலும் "போ" இந்த வேலையைச் செய்கிறது பாருங்கள், காய்ந்துபோனது, கெட்டுப்போனது, தீர்ந்துபோனது.

பெயர்ச்சொல்லாக வரும் ரன் தனிக் கதை. கிரிக்கெட் ரன் எல்லோருக்கும் தெரியும், அது இரண்டு முனைக்கு நடுவே ஓடிய ஓட்டத்தின் எண்ணிக்கை. தொடர்ந்து அதிர்ஷ்டம் அடித்தால் அது ஒரு ரன், ஒரே தடவையில் அச்சிடும் பிரதிகள் ஒரு ரன், வங்கி கவிழப்போகிறது என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பதும் ரன். எல்லாவற்றிலும் "இடைவிடாத வரிசை" என்ற சாயல் இருக்கிறது.

படி 4: வாக்கியத்தில் சாட்சிகளைக் கேளுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு, இதைச் சொன்னவர் நம்மவர்தான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும்போது, எந்தப் பொருள் என்று தெளிய மூன்று வழி சொல்கிறது: வினை, இனம், சார்பு. பழைய உரையில் வரும் எடுத்துக்காட்டு மா என்ற சொல். மா பூத்தது என்றால் மரம், ஏனென்றால் பூப்பது மரம்தான், இது வினை காட்டிய சாட்சி. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் மருத மரம் நிற்கிறது, ஆகவே இதுவும் மரம், இது இனம். போருக்குக் கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறவன் மா கொண்டு வா என்றால் குதிரை, போர்க்களத்தில் மாமரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இது சார்பு. இன்று மொழியியலில் சூழல் என்று பெரிதாகப் பேசுவதன் சாரம் இவ்வளவுதான்.

மா பெயர்ச்சொல், அதனால் வினை சாட்சி சொன்னது. ரன் வினைச்சொல், அதனால் திருப்பிப் போட வேண்டும், இங்கே பெயர்கள் சாட்சி. நான் வரிசையாக இப்படிக் கேட்பேன்.

யார் அல்லது எது ரன் செய்கிறது? ஆளா, மூக்கா, சாலையா, எஞ்சினா? பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தீரும். மூக்கு எழுவாயாக இருந்தால் திரவக் கிளை, சாலை என்றால் நீட்சி.

எதை ரன் செய்கிறது? அதாவது செயப்படுபொருள் இருக்கிறதா? "ஹி ரன்ஸ்" என்று முடிந்தால் ஓடுகிறார். "ஹி ரன்ஸ் எ ஃபேக்டரி" என்றால் நடத்துகிறார். தமிழில் ஓடு, ஓட்டு என்று வினையே உருவம் மாறி நமக்குச் சொல்லிவிடும், ஆங்கிலத்தில் ரன் அப்படியே நிற்கும், பின்னால் பொருள் வருகிறதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழர்கள் இடறுகிற முக்கியமான இடம் இது. அந்தப் பொருளும் என்ன ரகம் என்று பாருங்கள்: நிறுவனம் என்றால் நடத்துவது, நிரல் என்றால் இயக்குவது, "ரன் எ ரிஸ்க்" என்றால் ஆபத்துக்கு ஆளாவது, "ரன் எ ஃபீவர்" என்றால் காய்ச்சல் அடிப்பது, "ரன் கன்ஸ்" என்றால் துப்பாக்கி கடத்துவது.

பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல் எது? அவுட், இன்டு, ஓவர், த்ரூ, பை. நான் மாட்டிக்கொண்டது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். "பை த டீம்" என்பதில் இருந்த "பை"தான் அந்த வாக்கியத்தின் சாவி, நான் அதை எண்ணெய் வடியும் ஓரத்துணுக்கு மாதிரி ஒதுக்கிவிட்டேன்.

இந்த மூன்றிலும் தெளியவில்லை என்றால், முந்தைய வாக்கியமும் பிந்தைய வாக்கியமும். அதுதான் சார்பு.

படி 5: குட்டிச் சொற்களோடு ஒரு மல்யுத்தம்

ரன்னோடு சேரும் குட்டிச் சொற்களைத் தனித்தனி சொற்களாகவே நினைத்துக்கொள்வது நல்லது. ரன் அவுட் என்பது ரன் கூட்டல் அவுட் என்று பிரித்துப் பார்த்தால் பல நேரம் ஒன்றும் தேறாது.

ரன் அவுட்டையே எடுப்போம், ஏனென்றால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த யாருக்கும் அது ஒரே காட்சிதான்: பந்து ஸ்டம்பில் பட்டு, மட்டை கோட்டுக்கு வெளியே. "வீ ரேன் அவுட் ஆஃப் பேப்பர்" என்றால் காகிதம் தீர்ந்துவிட்டது. இங்கே கவனிக்க ஒரு நுணுக்கம் இருக்கிறது, தீர்ந்தது காகிதம், ஆனால் எழுவாய் நாம். தமிழில் "எங்களிடம் காகிதம் தீர்ந்துவிட்டது" என்று பொருள்தான் எழுவாயாக நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டு விதமும் உண்டு, "த பேப்பர் ரேன் அவுட்" என்றும் சொல்லலாம், ஆட்கள் எழுவாயாக வந்தால் மட்டும் "ஆஃப்" கூட வர வேண்டும். அந்த "ஆஃப்" விட்டுப்போவதுதான் நான் அதிகம் பார்க்கிற பிழை.

"ரன் இன்டு" மூன்று தலை கொண்டது. நண்பரை ரன் இன்டு என்றால் எதிர்பாராமல் சந்திப்பது. சுவரை ரன் இன்டு என்றால் மோதுவது. சிக்கலை ரன் இன்டு என்றால் அதில் போய் மாட்டுவது. தமிழில் தற்செயலாகச் சந்தித்ததை "வழியில் முட்டிக்கொண்டோம்" என்று வேடிக்கையாகச் சொல்வோமே, அந்தச் சாயல்தான்.

"ரன் ஓவர்" கொஞ்சம் ஆபத்தானது. கார் ஒருவர் மீது ரன் ஓவர் என்றால் ஏற்றிவிட்டது. கூட்டம் ரன் ஓவர் என்றால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. குறிப்புகளை ரன் ஓவர் என்றால் ஒரு தடவை மேலோட்டமாகப் பார்ப்பது, "ரன் த்ரூ"வும் ஏறக்குறைய இதேதான், ஆனால் ஒத்திகை என்ற பொருளும் அதற்கு உண்டு. "ரன் டவுன்" ஒரு கட்டடத்தைப் பற்றி வந்தால் பாழடைந்தது, ஆளைப் பற்றி வந்தால் களைத்துப்போனவர், பேட்டரியைப் பற்றி வந்தால் சார்ஜ் இறங்கிவிட்டது. மூன்றும் உள்ளே இருந்த சக்தி வடிந்துபோன நிலைதான். "ரன் அப்" கடனோடு வந்தால் கடனை ஏற்றிக்கொள்வது, "ரன் அப் அகென்ஸ்ட்" என்றால் தடையில் போய் முட்டுவது.

குட்டிச் சொல்லுக்கு ஏதாவது நிலையான பொருள் உண்டா என்று கேட்டால், அரைகுறையாக உண்டு என்பேன். அவுட்டுக்குத் தீர்வது, அப்புக்கு ஏறுவது, டவுனுக்கு வடிவது என்று ஒரு வாசனை இருக்கும். ஆனால் நம்பிவிடாதீர்கள். "த லைட்ஸ் வென்ட் ஆஃப்" என்றால் விளக்கு அணைந்தது, "த அலாரம் வென்ட் ஆஃப்" என்றால் மணி அடித்தது. ஒரே கோ, ஒரே ஆஃப், ஒன்றில் நிற்கிறது, மற்றதில் தொடங்குகிறது. இதற்கு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், முழு வாக்கியமாக மனதில் போட்டுக்கொண்டு நகருங்கள்.

படி 6: எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள்

சுலபமான சோதனை, ஆனால் யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு எதிர்ச்சொல் வந்தால் அதற்குள் இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஹார்ட் என்பதன் எதிர் சாஃப்ட்டா ஈசியா? கல் என்றால் சாஃப்ட், கேள்வித்தாள் என்றால் ஈசி. லைட்டின் எதிர் ஹெவியும் ஆகும், டார்க்கும் ஆகும். ஓல்டுக்கு நியூ, யங் இரண்டும் உண்டு, தமிழில் பழைய, வயதான என்று நாம் தனித்தனியாகவே வைத்திருக்கிறோம். படிக்கும்போது இது எதற்கு எதிரானது என்று ஒரு நொடி கேட்டால், எந்தக் கிளை என்பது தானாக வரும்.

படி 7: ஒருபொருட் சொற்கள், அதாவது மாற்றிப் போட்டுப் பார்க்கும் விளையாட்டு

இதுவரை ஒரு சொல், பல பொருள். இப்போது மறுபக்கம், ஒரு பொருள், பல சொல். இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைப்பது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் ரன்னின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தனி நண்பர் கூட்டம் இருக்கிறது, அந்தக் கூட்டத்தை வைத்தே கிளையை அடையாளம் காணலாம். திரவக் கிளைக்கு ஃப்ளோ, டிரிப். இயந்திரத்துக்கு ஆபரேட், வொர்க். நிறுவனத்துக்கு மேனேஜ், ஹெட், டைரக்ட். நீட்சிக்கு ஸ்ட்ரெட்ச், எக்ஸ்டெண்ட், லாஸ்ட். பத்திரிகைக்குப் பப்ளிஷ். ஒரு கிளையின் நண்பர் இன்னொரு கிளைக்குள் நுழைய முடியாது. "மை நோஸ் இஸ் ஆபரேட்டிங்" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால் இன்னும் நல்லது.

அதே கிளைக்குள்ளும் கவனம் வேண்டும். கால் ஓட்டத்தை மட்டும் எடுத்தால், ஜாக் என்பது உடற்பயிற்சிக்காக மெதுவாக ஓடுவது, ஸ்ப்ரின்ட் குறுகிய தூரத்தை முழு வேகத்தில், டேஷ் அவசரத்தில் பாய்ந்து போவது, போல்ட் மிரண்டு திடீரென்று எடுக்கிற ஓட்டம், ஃப்ளீ உயிருக்குப் பயந்து. இவற்றை ஒரே வரியில் "ஓடு" என்று எழுதி வைத்துக்கொண்டால் ஐந்து சொல் தெரியும், ஐந்தையும் தப்பாகப் பயன்படுத்தத் தெரியும்.

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இத்தனை சொல் சேர்ந்ததற்கு வரலாறும் ஒரு காரணம். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது, படிப்பாளிகளிடம் லத்தீன் இருந்தது, சாதாரண மக்கள் வாயில் பழைய ஆங்கிலமே இருந்தது. அதனால் ஆஸ்க் பழைய ஆங்கிலம், க்வெஸ்ச்சன் பிரெஞ்சு வழி, இன்டராகேட் லத்தீன். கேள், வினவு, விசாரி என்று நம்மிடமும் மூன்று தட்டு இருக்கிறது. இன்டராகேட் என்றால் போலீஸ் வாடை அடிப்பது போலவே விசாரணை என்றாலும் அடிக்கிறது. பொதுவாகக் குட்டையான, வீட்டுப் பேச்சு வாடை வீசும் சொல் பழைய ஆங்கிலம், நீளமான, கோட்டுப் போட்ட சொல் பிரெஞ்சோ லத்தீனோ. ரன் குட்டை வகை. அதனால் நண்பரிடம் "ஐ ரன் எ ஸ்மால் பிசினஸ்" இயல்பு, ஆண்டறிக்கையில் "ஆபரேட்ஸ்" என்று எழுதினால் பொருத்தம். இடத்தை மாற்றிப் போட்டாலும் அர்த்தம் கெடாது, ஆனால் வீட்டுக்குள் ஷூ போட்டு நடக்கிற மாதிரி இருக்கும்.

1852-ல் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கி ஒரு தொகுப்பு வெளியிட்டார், இன்றைக்கும் அவர் பெயரில் பதிப்புகள் வருகின்றன. நம் நிகண்டுகள் மாதிரி, திவாகரமும் பிங்கலமும் செய்த வேலைதான். இந்த வகை நூலில் ஒரு சிக்கல்: சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வித்தியாசம் எழுதியிருக்காது. தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும்போது எடுத்துப் பார்க்க அருமையான கருவி. தெரியாத சொல்லை அதிலிருந்து பொறுக்கி அலங்காரத்துக்குக் கட்டுரையில் செருகினால் அசடு வழியும். நான் செருகியிருக்கிறேன், வழிந்தும் இருக்கிறது.

படி 8: தமிழுக்குள் வந்துவிட்ட ஆங்கிலத்தை முதலில் சந்தேகப்படுங்கள்

ஆங்கிலச் சொல் தமிழுக்குள் வரும்போது தன் முழுக் குடும்பத்தோடு வருவதில்லை, ஒரே ஒரு அர்த்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு வரும். ஃபங்க்‌ஷன் என்றால் நமக்குக் கல்யாணமோ காதுகுத்தோ, "த மெஷின் இஸ் நாட் ஃபங்க்‌ஷனிங்" என்றால் அங்கே விசேஷம் எதுவும் இல்லை, இயந்திரம் வேலை செய்யவில்லை. சார்ஜ் என்றால் போனுக்கு ஏற்றுவது, ஆனால் கட்டணம் வாங்குவதும் சார்ஜ், குற்றம் சுமத்துவதும் சார்ஜ், பொறுப்பில் இருப்பது "இன் சார்ஜ்", காளை முட்ட ஓடி வருவதும் சார்ஜ். கேஸ் என்றால் வழக்கு என்று நின்றுவிட்டால் "ஜஸ்ட் இன் கேஸ்" புரியாது, பெட்டி என்ற பொருளும் நழுவும். ரன் நமக்குக் கிரிக்கெட் வழியாகவும் கணினி வழியாகவும் வந்தது, என் மின்னஞ்சல் கூத்துக்கும் அதுதான் மூலம். தமிழில் தினமும் புழங்குகிற ஆங்கிலச் சொல் எதிரே வந்தால் ஒரு கணம் கூடுதலாக நிற்பது நல்லது.

படி 9: அகராதியை எந்த வரிசையில் படிப்பது

எல்லா அகராதியும் அர்த்தங்களை ஒரே வரிசையில் தருவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி வரலாற்று அகராதி, பழைய பொருள் முதலில், புதிது பின்னால். அன்றாட வாசிப்புக்கு அதைத் திறந்தால் முதலில் நூற்றாண்டுப் பழமைதான் கையில் கிடைக்கும். கற்பவர்களுக்கான அகராதி வேறு. ஹார்ன்பி தொகுத்த கற்பவர் அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு 1948-ல் வெளியிட்டது, 1978-ல் வந்த லாங்மன் அகராதி விளக்கங்களை எல்லாம் ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதியது, 1987-ல் வந்த கோபில்ட் முழு வாக்கியமாகவே பொருள் சொன்னது, அதாவது சொல்லோடு யார் வருவார், எது வரும் என்பதையும் சேர்த்தே காட்டியது. பல பொருள் சொல்லுக்கு எனக்கு மிகவும் பிடித்தது அந்த முழு வாக்கிய முறைதான், ஏனென்றால் படி 4-ல் சொன்ன சாட்சிகள் அதிலேயே உட்கார்ந்திருக்கும்.

எல்லா அர்த்தமும் சம எடை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட சுமார் 2000 சொற்களின் பட்டியலில் சொற்களை மட்டும் எண்ணாமல், பல சொற்களுக்கு எந்த அர்த்தம் எத்தனை சதவீதம் வருகிறது என்பதையும் குறித்திருந்தார். அகராதியில் முதல் நான்கைந்து அர்த்தங்களை நன்றாகப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைச் சந்திக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 10: நோட்டில் எழுதுவது

"ரன் = ஓடு, நடத்து, ஒழுகு" என்று எழுதாதீர்கள், ஒரு வாரத்தில் மறக்கும், மறக்காவிட்டாலும் பயன்படாது. பக்கத்தின் நடுவில் சொல், சுற்றிலும் கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் நீங்களே எங்கோ படித்த அல்லது கேட்ட ஒரு முழு வாக்கியம், அதன் பக்கத்தில் அந்த இடத்தில் மாற்றிப் போட முடிகிற ஒரே ஒரு சொல். அகராதியின் எடுத்துக்காட்டை அப்படியே இறக்க வேண்டாம், நீங்கள் சந்தித்ததுதான் நினைவில் ஒட்டும். ஒரு கிளை காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள், என்றைக்காவது வந்து நிரப்பும். என் நோட்டில் "ரன் பை" என்ற கிளையில் அந்த மின்னஞ்சல் வாக்கியம் இன்னும் இருக்கிறது, அதை மட்டும் எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

கடைசியாக, கையோடு ஒன்று செய்து பார்ப்போம்

"மை சிஸ்டர் ரன்ஸ் எ ஸ்மால் ப்ரெஸ். ஷி வாஸ் ரன்னிங் லேட், ரேன் அவுட் ஆஃப் இங்க், அண்ட் ரேன் இன்டு ஆன் ஓல்ட் ஃப்ரெண்ட் ஹூ இஸ் ரன்னிங் ஃபார் மேயர்."

முதல் ரன்: பின்னால் செயப்படுபொருள் இருக்கிறது, அது ஒரு நிறுவனம், ஆகவே நடத்துகிறார். ப்ரெஸ் என்பதே பல பொருள் சொல், பத்திரிகை உலகம், அச்சகம், அழுத்துவது. பின்னால் இங்க் வருவதால் அச்சகம், மாவும் மருதும் மாதிரி இனம் சாட்சி சொல்கிறது. இரண்டாவது: பின்னால் லேட் என்ற பண்புச்சொல், ஆகிப்போகிற கிளை, நேரமாகிவிட்டது. மூன்றாவது: அவுட் ஆஃப், மை தீர்ந்தது. நான்காவது: இன்டு, பின்னால் ஆள், ஆகவே தற்செயல் சந்திப்பு. அந்த ஆள் இருந்த இடத்தில் தூண் என்று இருந்திருந்தால் நெற்றி வீங்கியிருக்கும். ஐந்தாவது: ஃபார், பின்னால் பதவி, தேர்தலில் நிற்கிறார். ஐந்து ரன்னில் ஒருவர்கூட ஓடவில்லை.

இப்போது உங்களுக்கு ஒன்று: "ஹி ரேன் இட் ட்வைஸ் லாஸ்ட் வீக்." மாரத்தானாக இருக்கலாம், நிரலாக இருக்கலாம், பத்திரிகையில் வந்த விளம்பரமாகவும் இருக்கலாம். எழுவாய் உதவாது, இட் என்பதும் உதவாது, குட்டிச் சொல்லும் இல்லை. சார்பு மட்டும்தான் மிச்சம், இதற்கு முன்னால் ஒரு வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள், மூன்று விதமாக.